சாமானியனை ஏன் நீக்கினார்கள்?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், பள்ளி மண்டபத்தின் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி எங்களுக்கு ஒரு படம் காட்டினார்கள். 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' என்பது அதன் பெயர். எல்லாப் பருவங்களுக்கும் உரிய மனிதர் என்று பொருள் கொள்ளலாம். 1966-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் படம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கும், அவருடைய சான்சலராக இருந்த தாமஸ் மோருக்கும் நடந்த போராட்டமே கதை. புழுக்கம் தாங்காமல் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்த நாங்கள் சிறிது நேரத்தில் விசிறுவதையே மறந்தோம். படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது எங்கள் வகுப்பு மாணவியர் நாற்பத்திரண்டு பேரும் தாமஸ் மோராகவே எழுந்து நின்றோம் என்றால் மிகையாகாது. நாங்களும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டோம்! நாங்களும் தலையைக் கொடுத்திருப்போம்! தண்ணீர்க் குழாயடியில் அன்று அதே பேச்சுத்தான்.

அந்தப் பெருமை ஒரு வாரம் நீடித்தது. பிறகு ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டர், இந்தப் படத்துக்கு மூலமான நாடகப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைப் படித்த பின் எங்களுக்கு ஏற்பட்ட சங்கடத்தையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஹென்றி மன்னருக்கு ஆண் வாரிசு இல்லை. அரசி கேத்தரினுடனான தம் திருமணம் செல்லாது என்று போப்பாண்டவர் அறிவிக்க வேண்டும், தாம் ஆன் பொலினை மணக்க வேண்டும் என்பது மன்னரின் விருப்பம். ரோமாபுரி இணங்கவில்லை. மன்னர் 1533-இல் ஆன் பொலினை மணந்தார். 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவர் என்று சட்டம் செய்துகொண்டார். புதிய வாரிசுரிமையை ஏற்றுக்கொள்வதாக ஆணையிட்டுக் கூறும்படி பெரியோர் பலரும் அழைக்கப்பட்டனர். 1532-லேயே பதவியைத் துறந்து வீட்டில் இருந்த மோர் அந்த ஆணையை ஏற்க மறுத்தார். காரணமும் கூறவில்லை. லண்டன் கோட்டைச் சிறையில் ஓராண்டுக்கு மேல் இருந்து, 1535 ஜூலை 6-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1935-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 2000-ஆம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவலராக ஏற்படுத்தினார். இவ்வளவும் மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டதுதான்.

நாடகத்தை எழுதியவர் ராபர்ட் போல்ட். 1960-இல் லண்டனில் அது மேடையேறியபோது மோராக நடித்தவர் பால் ஸ்கோஃபீல்ட். அவரே படத்திலும் மோராக வருகிறார். நாடகாசிரியரே திரைக்கதையையும் எழுதினார். ஃப்ரெட் ஜின்னமன் இயக்கினார். சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட ஆறு ஆஸ்கார் பரிசுகள் அதற்குக் கிடைத்தன. பரிசுகள் தகுதியானவையே. மேடையில் காட்ட முடியாததைப் படம் காட்டுகிறது. மன்னர் படகில் மோரின் வீட்டுக்கு வரும் காட்சியை யாரால் மறக்க முடியும்? கரையில் குதித்த மன்னரின் கால் சேற்றில் புதைகிறது. அவர் முகம் சுளிக்கிறார். உடன் வந்தவர்கள் மூச்சை அடக்கி நிற்கிறார்கள். பிறகு மன்னர் சிரிக்கிறார். உடனே பட்டாடை உடுத்திய அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே சேற்றில் குதிக்கிறார்கள்! அரசாட்சி என்றால் என்ன, அரண்மனையில் பிழைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வரலாற்றுப் புத்தகத்தில் கிடையாது. ஒரு சொல்லும் பேசாமல் அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். சிறையின் சன்னல் வழியே பருவங்கள் மாறுவதைக் காட்டும் இடமும் அப்படியே.

மாணவிகளாகிய எங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி வேறு. மன்னர் மோரின் மகள் மார்கரெட்டைச் சோதிக்க லத்தீனில் பேசுகிறார். அவள் அவரைவிடச் சரளமாகப் பதில் சொல்லிவிடுகிறாள். மன்னரின் முகம் மாறுகிறது. உடனே நடனத்தைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுகிறார். மண்டபத்தில் அப்போது எழுந்த கைதட்டல் மடத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டதாம். மோர் தம் பெண் மக்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தது வரலாறு. இறையாசிரியரும் அறிஞருமான எராஸ்முஸ், கர்த்தர் கற்பித்த செபத்தைப் பற்றி எழுதிய நூலை மார்கரெட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அது 1524-இல் அச்சாகியது. அப்போது அவளுக்கு இருபது வயதுக்குள்தான். ஆனால் எந்த இரண்டு பெண்களை முன்னிட்டு நாடே இரண்டுபட்டதோ, அவர்களில் கேத்தரின் நாடகத்திலும் இல்லை, படத்திலும் இல்லை. ஆன் பொலின் நாடகத்தில் இல்லை. படத்தில் ஒரு கணம் வந்து சிரித்துவிட்டுப் போகிறாள். இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். அடுத்த ஆண்டு மலருக்கு யாராவது எழுதட்டும்.

இனி எங்கள் சங்கடத்துக்கு வருகிறோம். நாடகத்தில் முதலில் மேடைக்கு வருபவர் மோர் அல்லர், மன்னரும் அல்லர். 'சாமானியன்' என்ற ஒருவன் வருகிறான். அவனுக்கு வேறு பெயர் கிடையாது. அவனிடம் ஒரு கூடை இருக்கிறது. அதில் உடைகளும் தொப்பிகளும் இருக்கின்றன. நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறான். பிறகு கூடையிலிருந்து ஓர் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு மோர் வீட்டு வேலைக்காரனாகிவிடுகிறான். எசமானைப் பற்றிச் செய்தி கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே சொல்லி அனுப்புகிறான். அடுத்து அவனே படகோட்டி. பிறகு அவனே மதுக்கடைக்காரன். பிறகு மோரைப் பூட்டி வைக்கும் சிறைக் காவலன். அவன் கெட்டவன் அல்லன். மோர்மீது அவனுக்கு அன்பும் உண்டு. ஆனால் தொல்லையில் மாட்டிக்கொள்ள மாட்டான்.

விசாரணைக் காட்சியில் நடப்பதுதான் எங்களைக் குலுக்கியது. ஜூரிகள் உட்கார வேண்டிய இடத்தில் ஆட்களே இல்லை. கோல்களை நட்டு அவற்றின்மேல் தொப்பிகளை மாட்டி வைக்கிறார்கள். அவற்றில் சிலவற்றைச் சற்று முன்தான் சாமானியன் தன் தலையில் அணிந்திருந்தான்! மெல்ல நழுவப் பார்க்கும் அவனையே பிடித்து ஜூரிகளின் தலைவனாக உட்கார வைக்கிறார்கள். குற்றவாளி என்று அவன் வாயே சொல்கிறது. கடைசியில் முகமூடி அணிந்து கோடரியோடு நிற்கும் தலைவெட்டியும் அவனே. அதாவது மோரிடம் ஊதியம் வாங்கியவன், அவரைப் படகில் ஏற்றியவன், பூட்டியவன், தீர்ப்புச் சொன்னவன், வெட்டியவன் எல்லாரும் ஒரே ஆள். அவன் முதலில் நம்மைப் பார்த்துத்தான் பேசத் தொடங்கினான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. புத்தகத்தை மூடி வைத்தோம்.

படத்தில் இந்தச் சாமானியன் இல்லை. வேலைக்காரன் இருக்கிறான், படகோட்டி இருக்கிறான், காவலன் இருக்கிறான். ஆனால் அவர்கள் வெவ்வேறு ஆட்கள். வருகிறார்கள், போகிறார்கள், யார் நினைவிலும் நிற்பதில்லை.

இதைப் பற்றி வகுப்பில் பெரிய வாக்குவாதம் நடந்தது. படத்தின் கட்சி பேசியவர்கள் சொன்னது இது: மேடை என்றால் பலகையும் திரையும்தான், அதனால் பார்ப்பவர்களிடம் ஒருவன் பேசலாம், உண்மையான ஆற்றையும் உண்மையான மரங்களையும் காட்டும் படத்தில் ஒருவன் திடீரென்று நம் பக்கம் திரும்பிப் பேசினால் அது வேடிக்கையாகிவிடும், மேலும் சாமானியனை நீக்கியவர் அவனைப் படைத்த ஆசிரியரே அல்லவா, கேட்க நாம் யார்? இதில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். சேற்றில் குதிக்கும் பிரபுக்கள் சாமானியனுடைய வேலையில் பாதியைச் செய்கிறார்கள் என்றும் ஒருத்தி சொன்னாள். அதுவும் நல்ல வாதம். ஆனால் அந்தப் பிரபுக்களைப் பார்த்து நாம் சிரித்தோம். சாமானியனைப் பார்த்தால் சிரிப்பு வராது.

எங்கள் கருத்து இதுதான். சாமானியனை எடுத்துவிட்டதால் படத்தில் நமக்கு உட்கார ஒரே ஓர் ஆசனம்தான் மிஞ்சுகிறது, அது மோரின் ஆசனம். அதில் நாற்பத்திரண்டு பேரும் வசதியாக உட்கார்ந்துவிட்டோம். நம் நாட்டுக் கதைகளிலும் இதுவே நடக்கிறது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' மேடை நாடகமாக நடிக்கப்பட்டு, பின்பு 1959-இல் படமாயிற்று. அதைப் பார்த்த எந்தப் பிள்ளையாவது தன்னை எட்டயபுரத்து ஆளாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பியதுண்டா? தெருவெங்கும் கட்டபொம்மன்களே! அத்தனை கட்டபொம்மன்கள் ஊரில் இருந்திருந்தால் கயத்தாற்றில் தூக்குக் கயிறு எப்படி விழுந்திருக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாமானியன் என்றால் கீழ்நிலையில் உள்ள ஏழை எளியவன், அவனை இழிவுபடுத்துகிறார் ஆசிரியர் என்று சிலர் அந்நாளில் குறைகூறினார்களாம். எல்லாருக்கும் பொதுவாக உள்ளதையே தாம் குறித்ததாக முன்னுரையில் போல்ட் விளக்கம் தருகிறார். இந்த விளக்கம் எங்களுக்கு வேண்டியிருந்தது. ஏனென்றால் எங்கள் வகுப்பில் நடந்த ஒரு காரியத்தில், எளியவர் ஒருவர் இருந்தார், சாமானியர்களும் இருந்தார்கள். இருவரும் ஒருவர் அல்லர்.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஆசிரியை வெளியே சென்றிருந்த நேரத்தில், ஆய்வுக்கூடத்தில் ஒரு நுண்ணோக்கி மேசையிலிருந்து விழுந்து உடைந்தது. யார் கை பட்டது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எடுத்து நிமிர்த்தி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டோம். மறுநாள்தான் அது தெரியவந்தது. முந்தின நாள் மாலை அங்கே கூட்டிப் பெருக்கிய ஆயா அம்மாவைக் கேட்டார்கள். அவர் தமக்குத் தெரியாது என்றார். எங்களைக் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தோழியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அது எவ்வளவு உயர்ந்த பண்பாக அப்போது தோன்றியது! ஆயா அம்மாவை ஆய்வுக்கூட வேலையிலிருந்து மாற்றி, மழையிலும் வெயிலிலும் வெளித் திண்ணைகளைப் பெருக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். நாங்கள் தினமும் அவரைக் கடந்து செபத்துக்குப் போனோம்.

படத்தில் நார்ஃபோக் பிரபு மோரிடம், நாங்களெல்லாம் கையெழுத்திட்டுவிட்டோமே, நட்புக்காகவாவது நீயும் போடக் கூடாதா என்று கெஞ்சுகிறார். மனச்சாட்சிப்படி நடந்ததற்காக நீங்கள் மோட்சத்துக்கும், மனச்சாட்சிக்கு எதிராக நடந்ததற்காக நான் நரகத்துக்கும் போகும்போது, நட்புக்காக என்னோடு வருவீர்களா என்ற பொருளில் மோர் பதில் சொல்கிறார். மண்டபத்தில் அதற்கும் கைதட்டினோம். தட்டிய கைகளை இப்போது என்ன செய்வது?

மோரும் மௌனமாக இருந்தார், நாங்களும் மௌனமாக இருந்தோம் என்று ஒருத்தி ஆறுதல் கூறினாள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது சட்டம், ஆகவே என் மௌனத்தைச் சம்மதமாகவே கொள்ள வேண்டும் என்று மோர் வழக்காடியது உண்மையே. எங்களுக்குள் இதை அலசியதில் ஒரு வேறுபாடு தெரிந்தது. அவருடைய மௌனத்துக்கு அவர் தலையை விலையாகக் கொடுத்தார். எங்கள் மௌனத்துக்கு விலை கொடுத்தவர் ஆயா அம்மா. சாமானியனின் மௌனமும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

ஒரு வேளை போல்ட் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தவராக இருக்கலாம். நாடகம் வெளிவந்த மறு ஆண்டு, 1961-இல், அணுகுண்டு எதிர்ப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்ற பெரும் படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே இருந்தால் படம் நின்றுவிடும் என்று தயாரிப்பாளர் வற்புறுத்த, ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதிக் கையெழுத்திட்டு, தண்டனைக் காலம் முடியுமுன் வெளியே வந்தார். கையெழுத்திட மறுத்தவரைப் பற்றி எழுதியவரே கையெழுத்திட்டார்! அதற்காகப் பின்னாளில் மிகவும் வருந்தினார் என்று படித்தோம். அவர் கத்தோலிக்கரும் அல்லர். ஒரு புனிதரின் கதையை அவர் ஏன் எடுத்தார் என்று முன்பு வியந்தோம்; இப்போது வியப்பில்லை.

மோரிடமும் குறை இல்லாமல் இல்லை. அவர் சான்சலராக இருந்த காலத்தில் சமயக் கருத்து வேறுபாட்டுக்காக ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். நாடகமும் படமும் அதைப் பேசுவதில்லை. வரலாற்று ஆசிரியை இதைச் சொன்னபோது எங்களில் சிலருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தெரிந்துகொண்டது நல்லதே. அரச நாடகங்களைப் படமாக எடுக்கும்போது எதை எடுத்தார்கள் என்பதோடு எதை விட்டார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பது இந்த ஆண்டு நாங்கள் கற்ற பாடம். படத்தின் முடிவில், யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு குரல் சொல்கிறதல்லவா? குரோம்வெல்லும் 1540-இல் தலை வெட்டப்பட்டார். பொய்ச்சாட்சி சொன்ன ரிச்சர்ட் ரிச் சான்சலராகி, 1567-இல் இயற்கையாக இறந்தார். நாடகத்தில் இந்தச் செய்திகளை நடுவிலேயே ஒரு தாளைப் பார்த்துப் படிப்பவன் சிறைக் காவலனாக இருக்கும் சாமானியன். முடிவு எப்படி ஆகும் என்று தெரிந்துகொண்டே அவன் கதவைப் பூட்டுகிறான். படத்தில் வரும் குரலுக்கோ முகமே இல்லை.

1988-இல் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் இதே நாடகத்தைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்து, தாமே மோராக நடித்தார். அதில் சாமானியன் திரும்பி வந்துவிட்டான். ராய் கின்னியர் அந்த வேடத்தை ஏற்றார். (முதல் படத்தில் ஆன் பொலினாக ஒரு கணம் வந்த வனெஸா ரெட்கிரேவ், இதில் மோரின் மனைவி ஆலிஸ்!) அழகிலும் நடிப்பிலும் பழைய படமே மேலானது என்பது பொதுவான கருத்து. ஆனாலும் திரையில் சாமானியனைக் காட்ட முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாதல்லவா?

இந்த ஆண்டு விழாவுக்கு இந்த நாடகத்தையே சுருக்கி நடிக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. மோர் வேடத்துக்குப் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மன்னர் வேடத்துக்கு ஏழு பேர். மார்கரெட்டுக்குக் கணக்கே இல்லை. நேரம் போதாது என்பதால் படத்தைப் பின்பற்றி, சாமானியன் இல்லாமல் நடத்தலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அருள்கூர்ந்து அப்படிச் செய்ய வேண்டாம் என்று மதர் அவர்களையும் சிஸ்டர்களையும் கேட்டுக்கொள்கிறோம். நேரம் போதவில்லையென்றால் அரண்மனை நடனத்தை எடுத்துவிடுங்கள். சாமானியன் வேடத்துக்கு ஆள் கிடைக்காதே என்ற கவலையும் வேண்டாம். அந்த நுண்ணோக்கியைக் கை தவறவிட்டவள் பெயர் கொடுத்திருக்கிறாள். தொப்பிகளை நாங்களே தைத்துக்கொள்கிறோம்.

இதை எழுதுமுன் மற்றக் காரியத்தையும் செய்துவிட்டோம். சிஸ்டரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னிடம் சொன்னது போதாது" என்றார். ஆயா அம்மாவைத் தேடிப் போனோம். கிணற்றடித் திண்ணையில் விளக்குமாற்றோடு இருந்தார். ஒருத்தி சொல்லத் தொடங்கி நிறுத்திவிட, இன்னொருத்தி முடித்தாள். ஆயா அம்மாவுக்கு வியப்பே இல்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. உடைஞ்சதை யாரோ நிமித்தி வச்சிருந்தீங்களே. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார்.

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

"நகருங்க, பெருக்கணும்" என்றார்.